கள்ளில்லாத அப்பம்

இப்போது கண்டியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்பம் கிடைக்கிறது. நானும் வாங்கிச் சாப்பிடுகிறேன். குறை சொல்லாமல் சாப்பிடுவதில்லை. ஓரம் முறுகியிருந்தால் நடு வெந்திருக்காது. நடு மெத்தென்று இருந்தால் ஓரம் தோல் மாதிரி இழுக்கும். "அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு கடைக்கும் போக முடியாது" என்று என் மகள் சலித்துக்கொள்கிறாள். போகாவிட்டால் போகட்டும். அப்பக்கடையில் வளர்ந்தவளுக்கு வாயை மூடிக்கொண்டு அப்பம் தின்னத் தெரியாது.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சந்தைக்குப் பக்கத்தில், தெல்தெனிய பஸ்ஸும் கலகெதர பஸ்ஸும் வந்து நிற்கிற இடத்தில், ஒரு மதிலோடு சாய்த்துக் கட்டிய தகரக் கூரை. அதன் கீழே மண் அடுப்புகள், ஒரு மேசை, ஆட்கள் உட்கார ஒரு நீள வாங்கு. மழை வந்தால் வாங்கின் ஒரு பாதி நனையும். நனைந்தவர்கள் எழுந்து மற்றப் பாதிக்காரர்களை நெருக்குவார்கள். அப்படி நெருக்கி உட்கார்ந்ததில் இரண்டு கல்யாணங்கள் பேசி முடிந்திருக்கின்றன, ஒரு வழக்கு சமாதானமாகியிருக்கிறது. கண்டியில் மழைக்குப் பஞ்சமில்லை என்பதால் எங்கள் கடையில் பேச்சுக்கும் பஞ்சமில்லை.

விடிய முன்னமே முதல் பஸ்காரர்கள் வந்துவிடுவார்கள். அம்மா தாச்சியில் ஒரு அகப்பை மாவை ஊற்றி, இரண்டு காதையும் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றி அடுப்பில் வைப்பாள். மேல்மூடியில் தேங்காய்ப் பொச்சுமட்டைத் தணலை அள்ளிப் போடுவது என் வேலை. மேலேயும் நெருப்பு, கீழேயும் நெருப்பு. நடுவில் இருக்கிற அப்பம் தப்பிக்க வழியில்லாமல் பொங்கி வரும். தம்பி வாழையிலை நறுக்குவான். அப்பா விறகு பிளப்பார், தேங்காய் துருவுவார், சம்பல் இடிப்பார். அவர் இடித்த சம்பலுக்காகவே தெல்தெனியவிலிருந்து ஒரு முதலாளி வருவார். வேறு எந்த வேலையிலும் அப்பாவை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை என்பதால், அந்த முதலாளி வருகிற நாளில் உலக்கைச் சத்தம் இன்னும் பலமாகக் கேட்கும்.

அப்பாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கள்ளு வாங்கி வருவது.

கள்ளு விட்டுப் பிசைந்தால்தான் அப்ப மாவு பொங்கும். அந்தக் காலத்தில் இதை யாரும் கேள்வி கேட்டதில்லை. ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்க வீடு எங்களுடையது. ஆனாலும் பின்னேரமானால் அம்மாவே போத்தலைக் கழுவி அப்பாவின் கையில் கொடுத்து, தெருக்கோடியில் இருந்த கள்ளுத் தவறணைக்கு அனுப்பிவைப்பாள். பச்சரிசியை ஊறவைத்து, இடித்து, அரித்து, கள்ளுக்காகக் காத்துக்கொண்டிருப்பாள். போத்தல் நிறையத்தான் வரும், அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் எவ்வளவு கள்ளு, எவ்வளவு பைப் தண்ணீர் என்பது ஆண்டவருக்கும் மாவுக்கும்தான் தெரியும். ஆண்டவர் காட்டிக்கொடுக்க மாட்டார். மாவு காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீர் கூடின நாளுக்கு மறுநாள் அப்பம் பொங்காமல் சப்பையாக விழும். வாங்கில் இருக்கிற டிரைவர்மார் இலையைப் பார்ப்பார்கள், பிறகு அப்பாவைப் பார்ப்பார்கள்.

"என்ன அக்கா, நேத்து அண்ணனுக்கு நல்ல மழையோ?" என்பார் கலகெதர பஸ் டிரைவர். பஸ் நிலையமே சிரிக்கும். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அம்மா மட்டும் சிரிக்கமாட்டாள்.

அப்பா குடித்துவிட்டு அடிக்கிற ஆள் இல்லை. அழுகிற ஆள், பாடுகிற ஆள். யேசு பிறந்த நத்தார் நேரத்தில் பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பாரியைப் பாடுவார். பெரிய வெள்ளிக்கிழமையில் நத்தார் பாட்டைத் தொடங்கி, அக்கம்பக்கத்தவர் வந்து வாயைப் பொத்தியிருக்கிறார்கள். நாங்கள் பிள்ளைகள் அதையெல்லாம் வேடிக்கையாகத்தான் பார்த்தோம். ஒரு வருஷம் அவருடைய கால் இரண்டும் வீங்கின. கண் மஞ்சளாயிற்று. ஆஸ்பத்திரி டாக்டர் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, இந்த மனுஷன் குடியை விடாவிட்டால் அதிக நாள் இருக்கமாட்டார் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து அதை அப்படியே சொன்னாள். ஒளித்து மறைக்கிற பழக்கம் அவளிடம் கிடையாது. 

அந்தச் சமயத்தில்தான் தவறணைகளை மூடச் சொல்லி ஊரில் இயக்கம் எழுந்திருந்தது. ஊராரில் பெரும்பாலோர் வேண்டாம் என்று வாக்குப் போட்டால் தவறணையை மூடிவிடலாம் என்று சட்டம். பௌத்தப் பன்சலையின் ஹாமுதுருவும், பள்ளிவாசல் லெப்பையும், எங்கள் சுவாமியாரும் ஒரே பக்கம் நின்று நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்தில்தான். அம்மா அதில் இறங்கினாள். காலைக் கடை முடிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். சிங்கள வீடுகளுக்கு அவளுக்குத் தெரிந்த சிங்களம், முஸ்லிம் வீடுகளுக்கு அவர்கள் தமிழ், எங்கள் ஆட்களுக்குத் தனி ஏச்சு. "ஒங்க வீட்டுக்காரர் வாக்குப் போடாட்டி இனி என் கடையில அப்பம் இல்ல, சொல்லிப்போட்டேன்" என்று மிரட்டினாளாம். அப்பத்துக்காக வாக்குப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் வாக்கு அப்பாவுக்குத்தான் இருந்தது. போட்டுவிட்டு வந்தார். எந்தப் பக்கம் போட்டீர்கள் என்று அம்மா கேட்டாள்.

"மூடத்தான் போட்டேன்" என்றார் அப்பா.

அம்மா நம்பவில்லை. திறந்திருக்கட்டும் என்று போடப் போய், தெரியாமல் மாற்றிப் போட்டிருப்பார் என்று கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தவறணை மூடப்பட்டது. பூசையில் சுவாமியார் நன்றி சொன்னார். அம்மா எங்களுக்குக் கருப்பட்டி போட்டுப் பால் அப்பம் சுட்டுத் தந்தாள். மத்தியானம் வழக்கம்போல அரிசி இடித்தாள், அரித்தாள். பின்னேரம் போத்தலைக் கழுவினாள். அதை அப்பாவிடம் நீட்டி, "வெரசாப் போய் கள்ளு வாங்கிட்டு வாங்க" என்றாள்.

அப்பா போத்தலைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "எங்க போய் வாங்குறது?" என்று கேட்டார்.

ஊர் முழுக்க நடந்து, வாய் வலிக்கப் பேசித் தவறணையை மூடவைத்தவள் அம்மா. அந்தத் தவறணையிலிருந்துதான் தன் மாவுக்குக் கள்ளு வருகிறது என்ற ஒன்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு மட்டுமா? அவளிடம் அப்பம் தின்றுகொண்டே ஆமாம் போட்ட ஊருக்கும் தோன்றவில்லை. அம்மா அப்படியே உரலில் உட்கார்ந்துவிட்டாள். உரலில் உட்காரக் கூடாது என்று எங்களை விரட்டுகிறவள்! அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நாங்களும் சிரித்தோம். அம்மா அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், பிறகு எழுந்து எங்கள் எல்லாரையும் ஏசினாள்.

சிரிப்பு ஒரு நாளோடு சரி. அந்தக் கடைதான் எங்கள் வயிறு. அப்பாவுக்கு முன்போல சந்தையில் மூட்டை தூக்கிப் பிழைக்க முடியாது, கால் விடாது. அம்மா தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தாள். பழைய மாவைச் சேர்த்து வைத்தாள். கண்டிக் குளிருக்கு அது அசையவே இல்லை. பேக்கரியில் ஈஸ்ட் கேட்டு வாங்கிப் போட்டாள். பொங்கியது, ஆனால் பாண் ரொட்டி மணந்தது. "இது அப்பமா, பாணா?" என்று தெல்தெனிய முதலாளி முகத்தைச் சுளித்தார். சம்பலைப் பற்றிக்கூட அன்றைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. அப்பாவுக்கு அது பெரிய அடி.

கலகெதர பஸ் டிரைவர் இரங்கினார். அவர் போகிற வழியில் ஒரு தவறணை இன்னும் திறந்திருந்தது. தினமும் ஒரு போத்தல் கொண்டுவந்து தருகிறேன் என்றார். சில நாள் நன்றாகத்தான் நடந்தது. கள்ளுக்குக் குலுக்கல் ஆகாது என்பதை அவரும் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. ஒரு நாள் மேட்டில் பஸ் குலுங்கினபோது தக்கை பறந்தது. பன்சலைக்குச் சில் என்ற விரதம் எடுக்க வெள்ளைச் சேலை கட்டிப் போய்க்கொண்டிருந்த ஒரு சிங்கள அம்மா பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கள்ளு முழுவதும் அவர் தலையில். அன்று பூராவும் மதுவை விலக்குவதாக நேர்ந்துகொள்ளப் போகிறவர், பஸ்ஸை விட்டு இறங்கும்போது தவறணை வாசலாக மணத்தார். பஸ் முதலாளி டிரைவரைக் கூப்பிட்டு நன்றாகக் கொடுத்தார். அத்தோடு அந்த வழியும் அடைபட்டது.

கடைசியில் அம்மாவே போனாள். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டினால் இன்னொரு தவறணை. தனியே போகக் கூடாதென்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நாங்கள் வாசலில் நின்றதும் உள்ளே இருந்த ஆண்கள் எல்லாரும் கோப்பைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள். எங்கள் ஊர்த் தவறணையை மூடவைத்த பொம்பளை என்று அவளை அந்தப் பக்கத்திலும் தெரிந்திருந்தது.

"அக்கா, இதையும் மூட வந்தீங்களா?" என்று கடைக்காரர் பாவமாகக் கேட்டார்.

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "இல்லீங்க. ஒரு போத்தல் கள்ளு குடுங்க" என்றாள்.

கூரை அதிரச் சிரித்தார்கள். அம்மா தலை நிமிர்ந்தபடிதான் நின்றாள், ஆனால் என் கையைப் பிடித்திருந்த அவள் கை வேர்த்துப்போயிருந்தது. திரும்பும்போது பாலத்தில் நின்று மகாவலி ஆற்றைப் பார்த்துக்கொண்டு, "சிரிச்சாச் சிரிச்சிட்டுப் போறானுக. அவரு அந்தப் பக்கம் போகாம இருந்தாச் சரி" என்றாள். அம்மா தினமும் அந்த அவமானத்தை ஏன் தலையில் சுமந்தாள் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

ஒவ்வொரு பின்னேரமும் இரண்டு பேரும் நடந்தோம். அந்த நேரத்தில் அப்பா அரிசி இடித்து வைத்திருப்பார். பிறகு மாவு பிசைய ஆரம்பித்தார், கள்ளை மட்டும் அம்மாவே கொண்டுவந்த கையோடு ஊற்றிவிடுவாள். பிறகு ஒரு நாள் அம்மாவைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டுத் தாச்சியையே கையில் எடுத்தார். முதல் அப்பம் ஒரு பக்கம் மட்டும் ஏறி, நாய் கடித்த தொப்பி மாதிரி வந்தது. பஸ்காரர்கள் கைதட்டினார்கள். ஆனால் கை பழகப் பழக நன்றாகவே சுட்டார். அவர் குடியை விட்டுவிட்டாரா என்று யாரும் கேட்கவில்லை. குடிக்க இடமில்லாததால் குடிக்கவில்லை, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். சில நாள் அகப்பையை வைத்துவிட்டு மதிலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அம்மா அவர் பக்கத்தில் பால் விடாத வெறுந்தேத்தண்ணி வைப்பாள்.

அடுத்த மாரிக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. பாயை விட்டு எழும்ப முடியவில்லை. என்னைத் தனியே அந்த இடத்துக்கு அனுப்புவது நினைக்கக்கூட முடியாத காரியம். கடையை மூடலாம் என்றாள் அம்மா. அரிசி இடித்துக் கிடந்தது. மூடினால் அதுவும் பாழ், அம்மாவின் மருந்துக்கும் வழியில்லை. அப்பா போத்தலைக் கழுவினார்.

"நான் போய்ட்டு வாறேன் புள்ள" என்றார்.

அம்மா அவரையே பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. அவர் போனதும் என்னைக் கூப்பிட்டு, கம்பளியைச் சுற்றிவிடச் சொல்லி, வாசலுக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். காய்ச்சலில் பல் கிட்டியது. உள்ளே வந்து படுக்கச் சொன்னேன், கேட்கவில்லை. ஜெபமாலையை உருட்டினாள். எனக்கு அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. இன்னும் ஒன்றும் செய்யாத மனுஷன் மேல் அவ்வளவு கோபம். தம்பி சந்திவரைக்கும் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு வந்தான். மழை பிடித்தது. நாங்கள் போய் வருகிற நேரம் தாண்டிவிட்டது. இனி அவரை யாராவது தூக்கிக்கொண்டுதான் வருவார்கள் என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தார். நனைந்து சொட்டச் சொட்ட, தன் காலால் நடந்து வந்தார். போத்தலை அம்மாவுக்கு முன்னால் வைத்தார். வெறும் போத்தல்.

அம்மாவின் முகம் செத்துவிட்டது. "எல்லாத்தையும் குடிச்சிட்டீங்களா?" என்றாள்.

"இல்ல."

"அப்ப கள்ளு எங்க?"

அப்பா கீழே உட்கார்ந்தார். "பாலம் தாண்டிப் போனேன். கடை வாசல் வரைக்கும் போனேன். வாசம் வந்துச்சு. உள்ள போனா ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னுதான் கேப்பேன்னு தெரிஞ்சுபோச்சு. அங்கேயே நின்னேன். போகவும் முடியல்ல, வரவும் முடியல்ல. பொறவு திரும்பிட்டேன். பாலத்துக்கு இந்தாண்ட வந்துதான் மூச்சு விட்டேன்." போத்தலைத் தள்ளி வைத்துவிட்டு, "நாளைக்குக் கடைக்கு ஒண்ணும் இல்ல. ஏசுறதுன்னா ஏசு" என்றார்.

அம்மா ஏசவில்லை.  கையை நீட்டி அவருடைய ஈரத் தலையைத் துடைத்துவிட்டாள். எனக்கு அப்பாவைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. ஓடிப்போய் அடுப்பை மூட்டித் தேத்தண்ணி வைத்தேன்.

"மாவு கெடக்கு" என்றாள் அம்மா கடைசியில். "தேங்காத் தண்ணியில கரைச்சு வைங்க. வர்றது வரட்டும்."

மறுநாள் அப்பம் சப்பையாகத்தான் வந்தது. அம்மா பிடிவாதம் பிடித்துக் கம்பளியோடு வந்து மதில் ஓரம் சாய்ந்திருந்தாள். அப்பா சுட்டார், நான் தணல் போட்டேன். கலகெதர பஸ் டிரைவர் இலையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது. இந்த முறை கேலிகூட வரவில்லை.

"என்னண்ணே... திரும்பவும் தொடங்கிட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். வாங்கில் இருந்த எல்லாரும் காதைக் கொடுத்தார்கள். அம்மா பதில் சொல்ல நிமிர்ந்தாள். அதற்குள் அப்பா பேசிவிட்டார்.

"இல்ல தம்பி. நேத்துக் கள்ளு வாங்கத்தான் போனேன். கடையப் பாத்ததும் பயம் புடிச்சிருச்சு. வாங்காமத் திரும்பிட்டேன். அதான் அப்பம் இப்பிடி."

பஸ் நிலையத்தில் ஒரு ஆம்பிளை, இத்தனை பேருக்கு முன்னால், எனக்குப் பயம் என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. டிரைவர் இலையில் கிடந்ததைச் சம்பலோடு வழித்துச் சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு. இன்னொண்ணு போடுங்கண்ணே" என்றார். பொய் சொன்னார், அந்த நல்ல மனுஷன். அது வாயில் களிமண்ணாக ஒட்டியது.

அதற்குப் பிறகு அம்மா கள்ளு வாங்கப் போகவில்லை, ஒருவரையும் அனுப்பவும் இல்லை. தேங்காய்த் தண்ணியில் சீனி போட்டு, அடுப்படிச் சூட்டில் வைத்து, புளித்தது போதாமல் ஒரு நாள், கூடிப்போய் ஒரு நாள் என்று மாதக்கணக்கில் போராடினாள். வந்தவர்களில் பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். நாங்கள் வயிற்றைக் கட்டினோம். மாவு ஒரு வழிக்கு வந்ததும் சிலர் திரும்பி வந்தார்கள். தெல்தெனிய முதலாளி சம்பலுக்காக வந்தார். கள்ளப்பம் மாதிரி இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள், எல்லாரும் சாப்பிட்டார்கள்.

ஈஸ்டர் ஞாயிறன்று அப்பா பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு சோடி செருப்பை எடுத்துத் தூசி தட்டினார். பூசைக்கு மட்டும் போடுகிற செருப்பு. கால் வீங்கின நாளிலிருந்து அது ஏறவில்லை. உட்கார்ந்து ஒரு காலை நுழைத்தார், மற்றக் காலை நுழைத்தார். எழுந்து நின்று ஒன்றும் நடக்காதது போல, "நேரமாகுது, வாங்க" என்று முன்னால் நடந்தார். கோவிலில் சுவாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று அம்மாவைக் கேட்டால் தெரிந்திருக்காது. பூசை முடியும்வரைக்கும் அவள் ஆண்கள் பக்கத்தில் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.